மாணவர் பேரவைக்கு ஒரு பைலா: பொறுப்புக்கூறலும் விதித் திருத்தமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிப் பேரவை என்றாலே நம் நினைவுக்கு வருவது தேர்தல்தான். யார் நிற்கிறார்கள், எந்தத் துறை யார் பக்கம், யார் ஜெயித்தார்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஜெயித்தவர் அடுத்த பத்து மாதம் என்ன செய்தார், பணம் எங்கே போனது, சரியில்லை என்றால் அவரை எப்படி இறக்குவது, விதி பழசாகிப்போனால் அதை யார் மாற்றுவது என்ற கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கேட்கும் ஒரு சிலருக்காக இது. அமைப்புச் சட்டம் என்பது சரியான சொல்தான். ஆனால் ஊர்ச் சங்கத்திலும் கூட்டுறவுச் சங்கத்திலும் சொல்வதுபோல ‘பைலா’ என்றே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரியில் தேர்தலே கிடையாது. துறைத் தலைவர் கைகாட்டுபவர்தான் செயலாளர். எங்களுக்கு எதற்குப் பைலா?

உங்களுக்குத்தான் அதிகம் தேவை. தேர்தல் இருந்தால், மோசமானவரை அடுத்த வருடம் தோற்கடிக்கலாம் என்ற பயமாவது இருக்கும். நியமனத்தில் அதுவும் இல்லை. நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்கு மட்டுமே பதில் சொல்வார்.

இன்னொன்று. நியமன முறை நிரந்தரமானது என்று யாரும் சொல்லவில்லை. மாணவர் தேர்தல்களை ஆராய்ந்த லிங்டோ குழு 2006இல், சூழல் மோசமான இடங்களில் நியமனத்தை ஒரு தற்காலிக ஏற்பாடாக மட்டுமே ஒத்துக்கொண்டது. அப்போதும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நியமிக்க வேண்டாம் என்றது. எல்லா நிறுவனங்களும் ஐந்து ஆண்டுகளுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஐந்து ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. 1965 மொழிப் போராட்டத்தை நடத்திய மாணவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன், 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அந்த மாநிலத்தில் இன்றைக்குக் கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டு நியமித்தவரைத்தான் பல இடங்களில் ‘மாணவர் தலைவர்’ என்று அழைக்கிறோம்.

லிங்டோ, லிங்டோ என்கிறார்களே, அது சட்டமா?

நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. கேரளத்தில் தொடங்கிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் சொன்னபடி மத்திய மனிதவள அமைச்சகம் 2005 டிசம்பரில் ஒரு குழுவை அமைத்தது. தலைவர் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே. எம். லிங்டோ. ஜோயா ஹசன், பிரதாப் பானு மேத்தா போன்றவர்கள் உறுப்பினர்கள். 2006 மே மாதம் அறிக்கை வந்தது. செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, நடைமுறைப்படுத்தச் சொன்னது. சட்டம் அல்ல என்றாலும், நீதிமன்ற உத்தரவு என்பதால் அது கட்டுப்படுத்தும். உங்கள் பைலாவில் எதை எழுதினாலும் இதற்கு முரணாகப் போனால் நிற்காது.

அதில் வேட்பாளருக்கு என்னென்ன விதிகள்?

வயது: இளநிலை மாணவர் 17 முதல் 22, முதுநிலை 24, 25 வரை, ஆராய்ச்சி மாணவர் 28 வரை. அரியர் இருக்கக் கூடாது. வருகைப் பதிவு 75 சதவீதமோ பல்கலைக்கழகம் சொல்லும் குறைந்தபட்ச அளவோ இருக்க வேண்டும். முழுநேர மாணவராக இருக்க வேண்டும், அஞ்சல் வழிக்காரர் நிற்க முடியாது. செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டும். தேர்தல் வேலை மொத்தமும் பத்து நாளில் முடிய வேண்டும்.

இரண்டு விதிகளைப் பலர் கவனிப்பதில்லை. நிர்வாகிப் பதவிக்கு ஒருவர் ஒரு தடவைதான் போட்டியிடலாம், செயற்குழுவுக்கு இரண்டு தடவை. ஜெயித்தால் ஒரு தடவை என்று இல்லை, நின்றாலே ஒரு தடவை. முதல் வருடம் ஆர்வத்தில் நின்று தோற்றவருக்கு வாய்ப்பு போச்சு. இன்னொன்று, குற்ற வழக்கில் தண்டனை பெற்றவர் மட்டுமல்ல, விசாரணைக்கு உட்பட்டவரும் நிற்க முடியாது என்று இருக்கிறது. ஒரு மறியலில் கலந்துகொண்டதற்காக வழக்கைச் சந்தித்த மாணவரும் இதில் சிக்குவார். இது எனக்கு உடன்பாடில்லாத விதி. கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை எடுத்திருந்தாலும் தகுதி போய்விடும். அதாவது, பேரவை யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அந்த நிர்வாகமே, யார் பேரவைக்கு வரலாம் என்பதற்கும் ஒரு சாவி வைத்திருக்கிறது.

செலவுக் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுத்த இரண்டு நாளில் நிர்வாகம் அதை மாணவர்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். தராவிட்டாலோ வரம்பை மீறினாலோ வெற்றியே ரத்தாகும். எழுத்தில் பார்த்தால் கூர்மையான விதிதான். உங்கள் கல்லூரியில் தேர்தல் நடந்திருந்தால், அந்தக் கணக்கு எந்தப் பலகையில் ஒட்டப்பட்டது என்று போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஜெயித்த பிறகு தவறு செய்தால் எப்படி நீக்குவது?

லிங்டோ அறிக்கையின் கவனத்தில் முக்கால்வாசி தேர்தல் என்ற வாசலில்தான் இருக்கிறது. யார் உள்ளே வரலாம் என்பதற்குப் பக்கம் பக்கமாக விதி. உள்ளே வந்தவரை மாணவர்களே எப்படி வெளியே அனுப்புவது என்பதை உங்கள் பைலாதான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் நடந்த ஒரு கதை இருக்கிறது. அதில் நம் வேலூருக்கும் பங்கு உண்டு.

2018 செப்டம்பரில் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக ஒருவர் ஜெயித்தார். முதுநிலைப் படிப்பில் சேர அவர் கொடுத்தது வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் பட்டச் சான்றிதழ். அது போலி என்று எதிர் அணி கிளப்பியது. திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் அந்தச் சான்றிதழ் தாங்கள் கொடுத்தது அல்ல என்று தெரிவித்தது. ஒரு கடிதம் போட்டுக் கேட்டால் ஒரு வாரத்தில் முடிய வேண்டிய விஷயம். ஆனால் சரிபார்ப்பு இழுத்துக்கொண்டே போய், நவம்பர் நடுவில்தான் அவர் பதவி விலகினார்.

ஏன் நவம்பர் நடு முக்கியம்? லிங்டோ விதியின்படி, முக்கியப் பதவி தேர்தல் நடந்த இரண்டு மாதத்துக்குள் காலியானால் மறுதேர்தல் நடத்த வேண்டும். இரண்டு மாதம் தாண்டிவிட்டால் துணைத் தலைவரே தலைவராகலாம், இணைச் செயலாளரே செயலாளராகலாம். முடிவு வந்தது செப்டம்பர் 13. பதவி விலகல் இரண்டு மாதத்தை இரண்டொரு நாள் தாண்டி வந்தது. மறுதேர்தல் இல்லை. அதே அணியைச் சேர்ந்த துணைத் தலைவர் தலைவரானார்.

இது திட்டமிட்டு நடந்ததா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. விதி எழுதுபவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: கெடுவை ‘பதவி காலியான நாள்’ என்று வைக்காதீர்கள், ‘புகார் எழுத்தில் வந்த நாள்’ என்று வையுங்கள். புகார் ஐம்பதாவது நாள் வந்திருந்தால், விசாரணை எண்பதாவது நாள் முடிந்தாலும் மறுதேர்தல்தான். இந்த ஒரு வரி இருந்தால் இழுத்தடிப்பதில் யாருக்கும் லாபம் இருக்காது.

சரி, நீக்குவதற்கு எத்தனை பேர் வேண்டும்? எண் சொல்லுங்கள்.

மூவாயிரம் பேர் படிக்கும் ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். நீக்கக் கோரும் மனுவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 கையெழுத்து. ஒரே துறையில் இருந்து வந்தால் போதாது, குறைந்தது நான்கு துறைகளிலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துறைகளுக்கு இடையிலான பழைய பகை அதில் தீர்க்கப்படும். மனுவில் குற்றச்சாட்டு குறிப்பாக இருக்க வேண்டும். ‘நம்பிக்கை இழந்துவிட்டோம்’ என்பது குற்றச்சாட்டு அல்ல. ‘இந்தத் தேதியில் எடுத்த இந்தத் தொகைக்கு ரசீது இல்லை’ என்பது குற்றச்சாட்டு. அவருக்குப் பதில் சொல்ல ஒரு வாரம். அப்புறம் ரகசிய வாக்கெடுப்பு. கை தூக்கச் சொல்லாதீர்கள். விடுதியில் ஒரே அறையில் தூங்குபவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் கை தூக்கமாட்டார்கள்.

எத்தனை ஓட்டு விழுந்தால் நீக்கம்? இதில் எனக்குப் பிடித்தது வெனிசுலா நாட்டின் 1999 அரசமைப்புச் சட்டத்தில் உள்ள வழி. பதவியில் இருப்பவர் எத்தனை ஓட்டு வாங்கி ஜெயித்தாரோ, குறைந்தது அத்தனை ஓட்டு அவரை நீக்கச் சொல்லி விழ வேண்டும். வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் 25 சதவீதம் பேராவது வாக்களித்திருக்கவும் வேண்டும். 900 ஓட்டில் ஜெயித்தவரை 60 பேர் கூடி இறக்க முடியாது. அதே சமயம், 200 ஓட்டில் வந்து உட்கார்ந்தவரை இறக்க ஊரையே கூட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அந்த நாட்டு அரசியலைப் பற்றி என்ன கருத்து இருந்தாலும், கணக்கு நியாயமானது.

நடப்பு ஆண்டுப் பணத்துக்கு யார் பொறுப்பு?

நான் படித்த கல்லூரியில் ஆண்டு விழா முடிந்ததும் பேரவைக் கணக்கு என்று ஒரு தாள் ஒட்டினார்கள். ‘கலைவிழாச் செலவு’ என்று ஒரே வரி, பக்கத்தில் ஒரு பெரிய தொகை. விவரம் கேட்ட நண்பனிடம், ‘நீ என்ன ஆடிட்டரா?’ என்றார் பொருளாளர். அவர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. விவரம் கேட்க ஒரு மாணவனுக்கு உரிமை உண்டு என்று எங்கள் விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே 1994 கல்விச் சட்டத்தின் 22ஆம் பிரிவு மாணவர் சங்கங்களுக்கென்றே எழுதப்பட்டது. சங்கத்துக்கு எழுதப்பட்ட அமைப்புச் சட்டம் இருக்க வேண்டும். நிதி அறிக்கை ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளிவர வேண்டும். வெளி அமைப்புகளுக்குக் கொடுத்த நன்கொடைப் பட்டியலும் அதில் இருக்க வேண்டும். மன்றங்களுக்கு எந்த அடிப்படையில் பணம் பிரிக்கப்படுகிறது என்பது எழுத்தில், எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். சம்பளத்தோடு கூடிய பதவியில் ஒருவர் மொத்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்க முடியாது. சங்கத்தின் மேல் புகார் என்றால், சங்கத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் போக வழி இருக்க வேண்டும்.

அதில் இன்னொரு நல்ல ஏற்பாடு, வெளி அமைப்புகளோடு உள்ள இணைப்பைப் பற்றியது. இணைப்புப் பட்டியலை ஆண்டுதோறும் உறுப்பினர் முன் வைக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு மாணவர்கள் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அந்த அளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2016இல் லிங்கன், நியூகாசில், ஹல், லாஃபரோ மாணவர்கள் வாக்களித்து, மாணவர் சங்கங்களின் கூட்டமைப்பான தேசிய மாணவர் ஒன்றியத்தை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் வாக்களித்து உள்ளேயே இருந்தன. லிங்டோ குழுவோ கட்சித் தொடர்பே கூடாது என்றது. தடுப்பதைவிட, ஆண்டுக்கு ஒரு முறை ‘இந்தத் தொடர்பு நமக்கு வேண்டுமா?’ என்று உறுப்பினரைக் கேட்பது நேர்மையான வழி என்பது என் எண்ணம்.

தேர்தலை நடத்துவது நிர்வாகமா, மாணவர்களா?

பெரும்பாலான இடங்களில் நிர்வாகம். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) மாணவர்களே அமைக்கும் தேர்தல் ஆணையம்தான் வேட்புமனு முதல் வாக்கு எண்ணிக்கை வரை நடத்துகிறது. தலைவர் வேட்பாளர்கள் நள்ளிரவு தாண்டியும் மேடையில் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் விவாதமும் அங்கே புகழ்பெற்றது. மாணவர் ஆணையம் வேண்டுமென்றால் ஒரு நிபந்தனையைக் கட்டாயம் எழுதுங்கள்: ஆணையத்தில் இருப்பவர் அந்தத் தேர்தலில் போட்டியிடக் கூடாது, பிரச்சாரமும் செய்யக் கூடாது.

தேர்தல் நடத்தையை நீதிமன்றம் கையில் எடுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2024 டெல்லி உதாரணம். செப்டம்பர் 27 அன்று வாக்குப்பதிவு நடந்தது. ஊர்ச் சுவரெல்லாம் சுவரொட்டியும் பெயின்டுமாக இருந்ததால், அதைச் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முடிவு வந்தது நவம்பர் 25 அன்று. அச்சுச் சுவரொட்டி கூடாது என்ற விதி 2006இலிருந்தே இருக்கிறது.

பைலாவைத் திருத்த என்ன வழி வைக்கலாம்?

மூன்றில் இரண்டு பங்கு என்று எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எதில் மூன்றில் இரண்டு என்று எழுத மறந்துவிடுகிறார்கள். வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு என்றால், கூட்டத்துக்கு 40 பேர் வந்தால் 27 பேர் போதும். மூவாயிரம் பேருடைய விதியை ஒரு சதவீதம்கூட இல்லாதவர்கள் மாற்றிவிடலாம். மொத்த மாணவர்களில் மூன்றில் இரண்டு என்றால் 2,000 பேர் வேண்டும். உலக அழிவு வந்தாலும் அத்தனை பேர் ஓட்டுப் போடமாட்டார்கள். விதி கல்வெட்டாகிவிடும்.

கோரமும், அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையும், அப்படித்தான். பொதுக்குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கு கோரம் என்று ஆசையாக எழுதிவிடுவார்கள். ஆயிரம் பேர் வர வேண்டும், அரங்கத்தில் இருப்பதோ அறுநூறு நாற்காலி. கோரம் எழுதுவதற்கு முன்னால் நாற்காலியை எண்ணுங்கள்.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 368ஆம் பிரிவு இரண்டு பூட்டு போடுகிறது: வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு, கூடவே அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல். இதே யோசனையை வகுப்புப் பிரதிநிதிகள் அவைக்கு அப்படியே வைக்கலாம். பிரதிநிதிகள் அறுபது பேர் என்றால் கூடிக் கலைவது கஷ்டமல்ல. அவை நிறைவேற்றிய பிறகு, முக்கியமான திருத்தம் என்றால் எல்லா மாணவர்களிடமும் ஓட்டுக்குப் போகட்டும். அங்கே சாதாரணப் பெரும்பான்மை, ஐந்தில் ஒரு பங்கினர் வாக்களிப்பு என்று வைத்தால் நடக்கும்.

நாள் கணக்கு இன்னும் முக்கியம். திருத்தத்தின் முழு வாசகம் இரண்டு வாரத்துக்கு முன்பே பலகையில் இருக்க வேண்டும். பழைய வரி, புதிய வரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். தேர்வுக்கு முந்தைய மூன்று வாரமும் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேராது. கூட்டத்தில் எழுந்து, ‘இதோடு இன்னொரு சின்னத் திருத்தம்’ என்று சேர்க்கக் கூடாது. அந்தச் சின்னத் திருத்தத்தில்தான் விஷயமே இருக்கும்.

பதவியில் இருப்பவர்களே தங்களுக்குச் சாதகமாகத் திருத்தினால்?

பதவிக்காலம், அதிகாரம், படி, தகுதி ஆகியவற்றைத் தொடும் எந்தத் திருத்தமும் அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அமலுக்கு வரும் என்று ஒரு வரி போதும். யாருக்கும் சந்தேகம் வராது, யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை.

நிர்வாகம் ஒப்புதல் தராவிட்டால்? நம் விதியா, அவர்கள் விதியா எது பெரியது?

ஜே.என்.யு.வில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மாணவர்கள் தங்கள் விதிகளைத் தாங்களே எழுதி, பல ஆண்டுகள் அதன்படியே நடத்திவந்தார்கள். 1977-78 காலத்தில் சீதாராம் யெச்சூரி மூன்று முறை தலைவரானது அந்தப் பழைய விதியில்தான். லிங்டோ விதியில் அது நடக்காது. நெருக்கடி நிலை முடிந்தபின் அவர் மாணவர்களைத் திரட்டிப்போய், இந்திரா காந்தி முன்னிலையிலேயே, அவர் பல்கலைக்கழக வேந்தர் பதவியிலிருந்து விலக வேண்டும் என்ற கோரிக்கையைப் படித்தார். அவரும் பிறகு விலகினார். பொறுப்புக்கூறல் மேல்நோக்கியும் போகும் என்று காட்டிய தலைமுறை அது.

2008 அக்டோபரில், அங்கே தேர்தல் லிங்டோ விதிப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. எங்கள் சட்டம் எங்களுடையது என்று மாணவர்கள் வாதாடினார்கள். அடுத்த தேர்தல் 2012 மார்ச்சில்தான் நடந்தது. ஆராய்ச்சி மாணவர் வயது வரம்பு 28 என்பதை 30 ஆக நீதிமன்றம் தளர்த்தியது போன்ற சில சலுகைகள் கிடைத்தன. கொள்கை பாதி நின்றது, இடையில் மூன்றரை ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கம் இல்லாமல் போனது. அதை வெற்றி என்பவர்களும் உண்டு, தோல்வி என்பவர்களும் உண்டு. படித்து முடித்துப் போய்விட்ட ஒரு தலைமுறைக்கு ஓட்டே கிடைக்கவில்லை என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று.

உங்கள் பைலாவுக்கு என் யோசனை: நிர்வாகத்துக்கு ‘ஒப்புதல்’ என்று எழுதினால் கெடுவும் எழுதுங்கள். முப்பது நாளில் எழுத்துபூர்வக் காரணத்தோடு மறுக்காவிட்டால் ஒப்புதல் ஆனதாகக் கொள்ளப்படும் என்று. இல்லாவிட்டால் கோப்பு மேசையில் தூங்கும். பிரிட்டன் சட்டத்திலும் ஒப்புதல் நிர்வாகக் குழுவிடம்தான். ஆனால் ஐந்து ஆண்டுக்கு மேற்படாத இடைவெளியில் அவர்களே அதை மறுபரிசீலனை செய்தாக வேண்டும்.

திருத்தவே கூடாத பகுதி என்று ஏதாவது வைக்கலாமா?

1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் ஏழுக்கு ஆறு என்று பிரிந்து, அரசமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்த முடியாது என்றார்கள். கல்லூரிக்கு அவ்வளவு பெரிய பூட்டு வேண்டாம். ரகசிய வாக்கு, ஆண்டுத் தேர்தல், கணக்கைப் பார்க்கும் உரிமை ஆகிய மூன்றுக்கு மட்டும் கூடுதல் பெரும்பான்மை கேளுங்கள், போதும்.

பேரவையையே கலைத்துவிட ஓட்டுப் போடலாமா?

போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்டின் நகரில், 1978இல் மாணவர்கள் தங்கள் மாணவர் அரசையே ஓட்டுப் போட்டு ஒழித்தார்கள். சில ஆண்டுகளில் அது திரும்ப வந்தது. 1982 தேர்தலில் அதிக ஓட்டு வாங்கியது வளாகப் பத்திரிகையில் வந்த ஒரு சித்திரக்கதைப் பாத்திரம், பெயர் ‘ஹேங்க்’. இல்லாத ஆளைப் பதவியேற்க வைக்க முடியாதல்லவா? அடுத்து வந்த பால் பெகாலா தலைவரானார். பின்னாளில் அவர் அதிபர் கிளின்டனின் ஆலோசகர். சிரிப்பாக இருந்தாலும், பேரவை வேலை செய்யவில்லை என்று மாணவர்கள் நினைத்தால் அதைச் சொல்ல ஒரு வழி அங்கே இருந்தது. கலைப்பு விதி எழுதும்போது, வங்கிக் கணக்கில் மிச்சமிருக்கும் பணம் எங்கே போகும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

எழுத உட்கார்ந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பொருளாளரிடமிருந்து. தலைவர் பதவியின் மாண்பு, நோக்கம், முகவுரை எல்லாம் பிறகு. போன ஆண்டு ரசீதுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால், கணக்குப் பற்றிய உங்கள் முதல் விதி என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.